தண்ணீர்க் குப்பி

எங்கள் ஆய்வகத்தில் என் மேசைதான் சுத்தமானது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

பன்றிகளுக்கு வரும் நுரையீரல் நோய்க்கு எந்த வகைக் கிருமி காரணம் என்று மரபணுவை வைத்துக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை. வகை மாறினால் தடுப்பூசியும் மாற வேண்டும். என் தங்கை எனக்குப் பதினோரு வருடம் கழித்து அங்கே சேர்ந்தாள். விண்ணப்பம் வாங்கிக் கொடுத்ததே நான்தான். ஒரே நாளில் முடிவு சொல்லும் புதிய சோதனையை அவள் உருவாக்கினாள். அதன்பின் இயக்குநர் வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "இவங்க அவளோட அக்கா" என்பார்.

ஒவ்வொரு சோதனையிலும் வெறும் தண்ணீர் மட்டும் உள்ள ஒரு சின்னக் குப்பி இருக்கும். அதில் கிருமி எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் செய்தவர் கை சுத்தமில்லை என்று பொருள்; மொத்தச் சோதனையும் செல்லாது.

ஒரு நாள் ஒரு பண்ணைக்காரம்மா செத்த பன்றியின் நுரையீரலை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்தார். "ஊசி போட்டும் இருமி இருமிச் சாகுதுங்க மேடம். எந்தக் கிருமின்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்தைக் காப்பாத்திக்கிறேன்."

தங்கையின் சோதனை ஏழாம் வகை என்றது. பண்ணையில் போட்டிருந்தது இரண்டாம் வகைக்கான ஊசி. ஆனால் தண்ணீர்க் குப்பியிலும் ஏழு தெரிந்தது. அது, அவள் கை கழுவப் போன நேரத்தில் அந்த நுரையீரல் மாதிரியிலிருந்து நான் எடுத்து விட்ட ஒரு சொட்டு. மூன்று முறை திரும்பச் செய்தாள். மூன்று முறையும் விட்டேன்.

"தண்ணிக்கே சளி புடிச்சிருக்கு. இதுல பன்னியைப் பத்தி நீ சொல்றதை நம்பணுமாக்கும்" என்றார் இயக்குநர். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பழைய ஊசியையே மறுபடி போடச் சொல்லிப் பண்ணைக்காரம்மாவை அனுப்பினார்.

அன்று என் மேசையில் தனியாக ஒருமுறை செய்து பார்த்தேன். என் தண்ணீர்க் குப்பி சுத்தமாக இருந்தது. முடிவு ஏழுதான். அந்தத் தாளைத்தான் என் இழுப்பறையிலிருந்து நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். கிழித்துப் போட்டிருக்கலாம். அவள் சொன்னது சரி என்பது எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றாக இருந்தது. அதைக் கைவிட மனம் வரவில்லை.

ஒரு வாரத்தில் நானூறு பன்றிகள் செத்தன.

தங்கை வேலையை விட்டுவிட்டாள். இப்போது என்னோடுதான் இருக்கிறாள். தன் கையை அவளே நம்புவதில்லை. டம்ளரை நாலு தடவை கழுவிவிட்டு என்னிடம் நீட்டுவாள். "அக்கா, சுத்தமா இருக்கா? நீயே பார்த்துச் சொல்லு."

ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். பளிச்சென்று இருக்கும்.

"இன்னும் போகலடி. இன்னொரு தடவை கழுவு" என்பேன்.

என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறீர்களே, வீட்டில் அவளுக்கு யார் பார்த்துச் சொல்வார்கள்?