டோகாஷி அம்மையார் நிறுத்தி வைத்த துறைமேடை

மேடையில் வீற்றிருக்கும் மீனவர் கூட்டுறவுத் தலைவர் ஒனோதெரா அவர்களே, அம்மையாரின் கணவர் முனெஹாரு அவர்களே, கமிஹாமா துறைமுகத் தோழர்களே, வணக்கம்.

மறைந்த நம் மண் ஆய்வுக்கூடத் தலைவர் டோகாஷி இக்குயோ அம்மையாரின் கீழ்த் துணைப் பொறியாளராகப் பதினாறு ஆண்டுகள் வேலை செய்தவன் நான். அவரைப் புகழ்வதற்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், படகுகள் வந்து நிற்கும் நம் துறைமேடையைக் கட்டும்போது, அதன் சுவருக்குப் பின்னால் எதை நிரப்புவது என்ற கேள்வி வந்தது. கடலடியில் தோண்டிய சேற்றோடு சிமெண்டும் நுரையும் கலந்து நிரப்ப முடிவானது. மண் லேசாக இருந்தால் சுவரைத் தள்ளாது அல்லவா? மாதிரிகளை அழுத்திப் பார்த்தோம், நன்றாகத் தாங்கின. நான் சம்மதக் கையெழுத்துப் போட்டேன். அம்மையார் போடவில்லை.

"ஒரு தடவை தாங்குறது பெரிசில்ல, அகுட்சு. லாரி ஒரு தடவையா வரும்? அலை ஒரு தடவையா அடிக்கும்?" என்றார் என்னிடம்.

மாதிரியை இயந்திரத்தில் வைத்து, அது தாங்கக்கூடிய எடையில் பத்துக்கு ஏழு பங்கை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார். நாற்பதாயிரம் தடவைக்குப் பிறகு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அது பிளந்தது. நான்கு பங்கு ஏற்றிய மாதிரியோ பத்து லட்சம் தடவையைக் கடந்தும் அசையவில்லை. லாரிகளின் பாரம் அந்த நான்கு பங்கைத் தாண்டாதபடி மேலடுக்கில் நுரையைக் குறைத்து, சிமெண்டைக் கூட்டிச் சோதித்து முடிக்கும் வரை வேலை நிற்க வேண்டும் என்றார். எட்டு மாதம் நின்றது.

எத்தனை பேர் அவரைத் திட்டினோம்! ஒனோதெரா அவர்கள் ஆய்வுக்கூட வாசலிலேயே வந்து நின்றார். "மண்ணுக்கு நாடி பாக்குற டாக்டரம்மா, எங்க படகெல்லாம் எங்க போய் நிக்கும்?" என்று கேட்டார். நான் அம்மையாரிடம், "விட்டுடுங்க, யாரும் கண்டுபிடிக்கப் போறதில்ல" என்றேன். அதுதான் என் குற்றம். அவர் கோபப்படவில்லை. "மண்ணு கண்டுபிடிச்சிடும்" என்று மட்டும் சொன்னார்.

சென்ற அக்டோபரில் பூமி அதிர்ந்தது. ஏறக்குறைய இரண்டு நிமிடம். அன்று மாலைக்குள் மேலும் மூன்று முறை. முதல் அதிர்வின்போது துறைமேடையில் முப்பத்தொரு பேர் மத்தி மீன் இறக்கிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தொரு பேரும் வீடு திரும்பினார்கள். மறுநாள் அரிசியும் தண்ணீரும் கொண்டுவந்த கப்பல் அதே துறைமேடையில்தான் வந்து நின்றது.

அம்மையார் அப்போது மருத்துவமனையில், கடைசிக் கட்டத்தில் இருந்தார். ஓடினேன்.

"ஆளுங்க?" என்றார்.

"எல்லாரும் நல்லா இருக்காங்க."

"சுவர்?"

"நாலு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கு. அவ்வளவுதான்."

கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா" என்றார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "அளந்தது யாரு? நீயா? வேற யாரையாவது விட்டு இன்னொரு தடவை அளக்கச் சொல்லு."

மறுபடி அளந்தோம். நாலுதான்.

பதினோரு ஆண்டுகளாகச் சிறு அதிர்வுக்கும் எழுந்து உட்கார்ந்தவர் அதன்பின் நிம்மதியாகத் தூங்கினார் என்று முனெஹாரு அவர்கள் சொன்னார்கள். ஒனோதெரா அவர்களும் போய்ப் பார்த்தார். "உங்களத் திட்டினதையெல்லாம் திரும்ப எடுத்துக்கறேன்" என்றாராம். "எல்லாத்தையும் எடுத்துக்காதீங்க, சிலது எனக்குப் பொருத்தமாத்தான் இருந்துச்சு" என்றாராம் அம்மையார்.

நண்பர்களே, இந்தக் கூட்டத்தில் அழுகையைவிட நிம்மதிப் பெருமூச்சுதான் அதிகம் கேட்கிறது. அதில் தவறில்லை. தான் செய்தது சரிதானா என்று தெரியாமலே எத்தனையோ பேர் போய்ச் சேர்கிறார்கள். அவர் தெரிந்துகொண்டு போனார்.

வரும் திங்கட்கிழமை தெற்குத் துறையின் புதிய மேடைக்காகத் தோண்டிய சேறு ஆய்வுக்கூடத்துக்கு வருகிறது. இன்னும் எத்தனை தடவை அழுத்துவீர்கள் என்று அவசரப்படுகிறவர்கள் வாசலுக்கு வரட்டும். தேநீர் கொடுத்து உட்கார வைப்போம். இயந்திரத்தை மட்டும் நிறுத்த மாட்டோம். இந்த முறை, அம்மையாரே, சோதனை முடியும் வரை நானும் கையெழுத்துப் போட மாட்டேன்.