சென்னையிலிருந்து வர வேண்டிய மாட்யூல்

உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற ஜீப்புக்கு இடது பக்க இண்டிகேட்டர் படபடவென்று அடிக்கிறது, சார். பின்னால் ஒரு பல்பு போயிருக்கும். ஓட்டுகிறவர் கவனித்திருக்க மாட்டார். முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் என்ன எரிகிறது என்று தெரியாது. பெரிய வேலை இல்லை, டீ ஆறுவதற்குள் மாற்றிவிடலாம்.

மன்னியுங்கள், வந்த விஷயத்தைச் சொல்கிறேன். என் பெயர் ஆதிமூலம். முத்தியால்பேட்டையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன். உங்கள் மேசையில் நான் வைத்த அந்த வெள்ளை வயர்த் துண்டை யாரும் குப்பையில் போட்டுவிட வேண்டாம். அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

போன ஐப்பசியில் காலாப்பட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஜெனரேட்டர் ட்ரெய்லரின் பின்னால் மொபெட் மோதி, அன்வருதீன் என்பவர் இறந்துபோனார். ட்ரெய்லருக்குப் பின் விளக்கு எரியவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னதை வைத்து, அதை இழுத்துக்கொண்டு போன பிக்கப்பின் டிரைவர் வடிவேல் மேல் வழக்குப் போட்டீர்கள். வடிவேல் என் மருமகன். அவன் மேல் தப்பில்லை என்று சொல்லத்தான் வந்தேன். எப்படி என்று கேட்டால் கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எனக்கு அசதியாக இருக்கிறது, ஆனாலும் ஒழுங்காகச் சொல்கிறேன். ரைட்டர் நிதானமாக எழுதட்டும்.

எனக்கு ஒரே பெண், அமுதவல்லி. கனகசெட்டிக்குளத்தில் கட்டிக் கொடுத்தோம். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் பக்கத்தில் கட்டிக் கொடுத்த பெண்தான் வருவதே இல்லை, சார். தூரத்தில் கொடுத்த பெண்களாவது வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டி படுக்கையோடு வருகிறார்கள். இவள் வந்தால் முகத்தைக் காட்டிவிட்டு, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, மாமியாருக்குக் கண் தெரியாது என்று மாலை பஸ்ஸைப் பிடித்துவிடுவாள். பேரன் பிறந்த பிறகும் அப்படித்தான். அவன் தூங்கி எழுந்திருப்பதை நான் பார்த்ததில்லை.

வடிவேல் பிக்கப் வாங்கி, பின்னால் ட்ரெய்லரில் ஜெனரேட்டரை மாட்டி, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஓட்டினான். உழைப்பாளி, குடிக்க மாட்டான். அவனை நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாள் வண்டி விளக்கு விட்டுவிட்டு எரிகிறது என்று என் பட்டறைக்குக் கொண்டுவந்தான். அந்த வண்டியில் விளக்குகளுக்கென்று டாஷ்போர்டுக்கு அடியில் சீட்டுக்கட்டு அளவில் ஒரு கறுப்புப் பெட்டி உண்டு, மாட்யூல் என்போம். கடல் காற்றில் அதன் இணைப்புக் கம்பி ஒன்று பச்சை பிடித்திருந்தது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் தீர்ந்தது. ஆனால் தேய்ப்பதற்குள் இருட்டிவிட்டது, வண்டி பட்டறையிலேயே நின்றது. மருமகன் மட்டும் தனியாக மாமனார் வீட்டில் வந்து தங்குவது மரியாதை இல்லை என்று, மறுநாள் காலையில் அமுதவல்லியும் பிள்ளையோடு வந்து சேர்ந்தாள்.

என் மனைவி சுலோசனா அன்றைக்கு இறால் வாங்கி வரச் சொன்னாள். சர்க்கரை வியாதியில் ஒரு கால் விரல் போனவள் அவள், அடுப்படிக்குள் நடந்த நடையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. எனக்குச் சோறு போடும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"வண்டி கெட்டாத்தான் பொண்ணு மொகத்தப் பாக்க முடியுது. இன்னும் ரெண்டு நாள் கெட்டுத்தான் கெடக்கட்டுமே."

விளையாட்டுக்குச் சொன்னாள். நான் பட்டறைக்குப் போய் வடிவேலிடம், "மாட்யூல் போயிட்ச்சு மாப்ள, சென்னையிலேர்ந்துதான் வரணும்" என்றேன். அது என் சட்டைப் பையில் இருந்தது. அந்த வாரம் முழுக்க அவர்கள் எங்கள் வீட்டில் இருந்தார்கள். பேரன் என் வயிற்றின்மேல் படுத்துத் தூங்கினான். இதில் யாருக்கு என்ன கெட்டுப்போனது என்று நீங்களே சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு வண்டி தானாகக் கெடும் வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஃப்யூஸை அரைகுறையாகச் சொருகி அனுப்புவேன். ஒரு இணைப்பை முறுக்காமல் டேப் மட்டும் சுற்றி அனுப்புவேன். குழி விழுந்த ரோட்டில் பத்து நடை போனால் போதும், விட்டுவிடும். வடிவேல் தலையைச் சொறிந்துகொண்டு வருவான், பின்னாலேயே பெண்ணும் பேரனும் வருவார்கள். மாட்யூல் சென்னையிலிருந்து வரும், வராது, வழியில் இருக்கும். என் பட்டறைக்குப் பக்கத்துக் கடைதான் அன்வருதீன் பாய். சீட் கவரும் தார்ப்பாயும் தைப்பவர். அவர்கூடக் கேலி செய்தார், "ஒங்க மாட்யூலு மெட்ராஸ்லேர்ந்து நடந்தே வருது போல" என்று. நானும் சிரித்தேன்.

சுலோசனா அதற்கடுத்த வருஷம் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். காரியம் முடிகிறவரை அமுதவல்லி இருந்தாள், பிறகு போய்விட்டாள். வீடு என்றால் வீடா அது. சட்டி ஒன்று, தட்டு ஒன்று. சாயங்காலம் கடையைச் சாத்தினால் மறுநாள் காலை வரை வாய் திறக்க ஆளில்லை. இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில் காலாப்பட்டில் ஒருவன் புதிதாக எலக்ட்ரிகல் கடை போட்டான். வீட்டுக்குப் பக்கம் என்று வடிவேல் சின்னச் சின்ன வேலைகளை அவனிடமே பார்த்துக்கொண்டான். ஃப்யூஸை எவன் வேண்டுமானாலும் சொருகுவான். மாதக்கணக்கில் அவர்கள் வரவில்லை. அதனால் வேறு யாராலும் கண்டுபிடிக்க முடியாத ஒரு கோளாறு எனக்குத் தேவைப்பட்டது. அதுதான் ட்ரெய்லரின் எர்த்.

ரைட்டருக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். விளக்குக்குப் போகிற மின்சாரம் திரும்பி வர வேண்டும், அந்தத் திரும்புகிற வழிக்கு எர்த் என்று பெயர். ட்ரெய்லருக்கு அது வெள்ளை வயர். நான் அந்த வயரை மடக்கி மடக்கி, உள்ளே இருக்கிற செம்பு இழைகளை மட்டும் முறித்தேன். மேல் ரப்பரில் ஒரு கீறல் கிடையாது. வண்டி நிற்கும்போது ட்ரெய்லரின் பாரம் கொக்கியில் உட்கார்ந்திருக்கும். இரும்போடு இரும்பு சேர்ந்து எர்த் அதன் வழியே கிடைத்துவிடும். எல்லா விளக்கும் பளிச்சென்று எரியும். ஓடும்போது கொக்கி குதிக்கும், எர்த் விட்டுவிடும். காலாப்பட்டுக்காரன் வண்டியை நிறுத்தி வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறதே என்று திருப்பி அனுப்பினான். வடிவேல் என்னிடம் வந்தான். இரண்டு தடவை அப்படி வந்தார்கள். நான் வயரை மாற்றிக் கொடுப்பேன், புறப்படுகிற அன்றைக்குப் புது வயரையும் முறித்து வைப்பேன்.

மூன்றாவது தடவைதான் அந்த ஐப்பசி. கனகசெட்டிக்குளத்தில் ஒரு கல்யாண வரவேற்பு, ஜெனரேட்டர் போக வேண்டும். மழைக்காலம் என்பதால் ஜெனரேட்டருக்குத் தார்ப்பாய் உறை ஒன்று பாயிடம் தைக்கக் கொடுத்திருந்தான் வடிவேல். மண்டபத்தில் இறக்கி வைத்த பிறகு அளவு பார்த்துக் கட்டித் தருகிறேன் என்று பாய் உறையை மொபெட்டில் கட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார். பொழுது சாய்ந்து மேகம் கறுத்திருந்தது. வடிவேலுக்கு ஒரு பழக்கம், அமுதவல்லியைப் பின்னால் நிறுத்திக் குரல் கொடுக்கச் சொல்லாமல் வண்டியை எடுக்க மாட்டான். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "லெஃப்ட் எரியுது. ரைட் எரியுது. பிரேக் எரியுது." பிறகு போய் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். என் பெண்ணும் பேரனும் அந்த வண்டிக்குள்தான் இருந்தார்கள், சார். ஆபத்து என்று நினைத்திருந்தால் நான் அனுப்பியிருப்பேனா?

ரோட்டில் ஒரு மாடு குறுக்கே வந்தது, வடிவேல் பிரேக் அடித்தான், பாய் பின்னால் வந்து மோதினார். தலையில் அடி. நீங்கள்தான் வந்து பார்த்தீர்கள். மய்யத்து அடக்கத்துக்கு நானும் போனேன். அவர் மனைவி ஜீனத்துன்னிசா வாசலில் என்னைப் பார்த்து, கடைச் சாவி அவர் பையில் இல்லை, உங்களிடம் கொடுத்தாரா என்று கேட்டார். என்னிடம்தான் இருந்தது. கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வண்டி உங்கள் யார்டுக்குப் போயிற்று, வடிவேலின் லைசென்ஸ் போயிற்று. ஜாமீனில் வந்தவன் கேரளாவுக்குப் படகு வேலைக்குப் போனான். அவன் தங்கை வந்து தாயைப் பார்த்துக்கொண்டாள். அமுதவல்லி என் வீட்டுக்கு வந்துவிட்டாள். பேரனை முத்தியால்பேட்டையிலேயே எல்.கே.ஜி.யில் சேர்த்தோம், நான்தான் சைக்கிளில் கொண்டுபோய் விடுவேன். மறைத்துப் பேசி என்ன ஆகப் போகிறது, அவை நல்ல மாதங்கள்.

அவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "நான்தானப்பா பின்னால நின்னு பாத்தேன். நான்தான எரியுதுன்னு சொன்னேன்" என்பாள். வாரத்துக்கு ஒரு தடவை ஜீனத்துன்னிசா வீட்டுக்குப் போய் எதுவும் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருவாள். இளைத்துவிட்டாள். உன் மேல் தப்பில்லை அம்மா, எல்லாம் விதி என்று நான் தலையைத் தடவிக் கொடுப்பேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுவாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என் தோளில் சாய்ந்தது அப்போதுதான்.

ஆறேழு மாதம் அப்படிப் போனது. பிறகு கோர்ட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வண்டியை விட்டார்கள். பட்டறைக்கு இழுத்து வந்து நிறுத்தினேன். வயரை நானே கழற்றிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அன்று மாத்திரை வாங்க கோரிமேடு போக வேண்டியிருந்தது, வரிசை நீளம். திரும்பி வந்தபோது அவள் ட்ரெய்லருக்கு அடியிலிருந்து எழுந்தாள். கையில் என் டெஸ்ட் லேம்ப். இன்னொரு கையில் இந்தத் துண்டு, பிளேடால் நீளவாக்கில் பிளந்திருந்தாள். பட்டறையில் வளர்ந்தவள், மறந்துவிடுவாள் என்று நான் நினைத்தது தப்பு.

எலி கடித்திருக்கும் என்றேன்.

"எலி கடிச்சா மேல ரப்பரும் போயிருக்கும்ப்பா," என்றாள். "உள்ள மட்டும் எப்பிடி அறுந்துச்சு?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்யூல், சென்னை, அவர்கள் வந்து தங்கிய நாட்கள் எல்லாவற்றையும் அவள் ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. கடைசியில் நான், உன் அம்மாவுக்காகத்தான் செய்தேன் என்றேன்.

"அம்மா செத்து எவ்ளோ நாள் ஆச்சுப்பா," என்றாள்.

சத்தம் போடவில்லை. துண்டை என் மேசையில் வைத்தாள், பள்ளிக்கூடம் போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டாள், பஸ் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு போன் செய்தால் எடுப்பதில்லை. நானே கனகசெட்டிக்குளம் போனேன். பேரன் என்னைப் பார்த்து ஓடி வந்தான், அவள் அவனை உள்ளே தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து அவன் தாத்தா தாத்தா என்று கதவைத் தட்டினான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். பிறகும் இரண்டு தடவை போனேன், கதவு திறக்கவில்லை. அவள் உங்களிடமும் வரவில்லை என்று தெரிகிறது. பெற்ற அப்பன் என்ற இரக்கம் அவளுக்கு இருக்கிறது, சார். அது போய்விடவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. சொல்லாமல் விடலாம் என்றிருந்தேன், ஆனால் முழுசாகச் சொல்வதாக உட்கார்ந்துவிட்டேன். எர்த் விட்டுப்போன ட்ரெய்லரில் விளக்கு ஒரேயடியாக அணையாது. மின்சாரம் பிரேக் விளக்கின் கம்பி வழியாகத் திருட்டுத்தனமாகத் திரும்பும், விளக்கு மங்கலாக எரியும். பிரேக்கை மிதித்தால் அந்தத் திருட்டு வழியும் அடைபடும். இரண்டு விளக்கும் அந்த நொடியில் அணையும். பின்னால் வருகிறவனுக்கு, முன்னால் போன வண்டி எங்கேயோ தள்ளிப் போய்விட்டது போலத் தோன்றும். இது எனக்குப் பிறகு தெரிந்ததல்ல. வயரை முறிக்கும்போதே தெரியும். தெரியாமல் செய்தார் என்று ரைட்டர் எழுத வேண்டாம்.

பாயின் மொபெட்டுக்கு முன் விளக்கு சரியாக எரியாது. அன்றைக்குக் கிளம்பும்போது, வழி தெரியுமா என்று என்னிடம்தான் கேட்டார். என் கையில் ஸ்பேனர் இருந்தது, அலமாரியில் பல்பு இருந்தது. மாற்றிக் கொடுக்க நேரமும் இருந்தது. ஆனால் அவரை நிறுத்தினால் வடிவேலும் நிற்பான், நின்றால் இன்னொரு தடவை பின்னால் பார்க்கச் சொல்வான், வண்டி கொஞ்சம் அசைந்து விளக்கு மங்கினால் அவள் கண்டுவிடுவாள். அதனால் நான் சொன்னேன்.

"மாப்ள வண்டி செவப்பு லைட்டப் புடிச்சிக்கினே போங்க பாய். ஒண்ணும் ஆவாது."

அவர் நான் சொன்னபடியே போனார்.

இவ்வளவுதான். வடிவேல் மேல் இருக்கிற கேஸை எடுத்துவிடுங்கள், லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். என் பெண் சரியாகத்தான் பார்த்தாள், எரிகிறது என்று சொன்னது உண்மைதான் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சாட்சிக்கு அவளைத்தான் கூப்பிடுவீர்கள். கூப்பிட்டால் அவள் வந்துதானே ஆக வேண்டும்? கோர்ட்டில் சாட்சிக்கும் எனக்கும் பெஞ்சு பக்கத்திலேயே போட்டிருக்கும் என்றார்கள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சொல்லுங்கள். ஜெயில் காலாப்பட்டில்தானே, சார்? கனகசெட்டிக்குளம் பஸ் அந்த வழியாகத்தான் டவுனுக்கு வருகிறது. அவள் எங்கே போவதானாலும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். மனு போட்டுப் பார்க்க வரும்போது சின்னப் பிள்ளைகளையும் உள்ளே விடுவார்களா என்று மட்டும் யாரிடமாவது கேட்டுச் சொல்லுங்கள்.