ஐம்பதுக்குக் குறையாமல்

காலையில் செய்தித்தாள் படிக்கும்போதுகூட நான் கையில் சிவப்புப் பேனா வைத்திருப்பவன். எங்காவது ஒற்று விட்டுப்போயிருந்தால் அதைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த செய்திக்குப் போவேன். வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பத்திரிகை அலுவலகத்தில் எனக்குப் பெயரே ‘சிவப்புப் பேனா’தான், என் காதுபடச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவே. நீங்கள் மூன்று பேரும் தயாரித்து என் முன்னால் வைத்திருக்கும் இந்த விசாரணைக் குறிப்பில் முதல் பக்கத்திலேயே நான்கு பிழைகள். திருத்தி வைத்திருக்கிறேன், அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டதற்கு வருகிறேன். குழந்தை நல ஆய்வுகளை வெளியிடும் எங்கள் பத்திரிகைக்கு வருகிற கட்டுரைகளைப் படித்து, அச்சேறலாமா கூடாதா என்று சொல்வது பன்னிரண்டு வருடமாக என் பொறுப்பு. எழுதியவர் யாரென்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். படித்தது யாரென்று அவருக்கும் சொல்ல மாட்டார்கள். ஆனால் போன வருடம் வந்த அந்த நான்கு பக்கங்களை எழுதியது ஒரு நர்ஸ் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. டாக்டராக இருந்தால் முதல் பத்தி முழுக்கத் தன் அருமை பெருமைகளைப் பேசியிருப்பார். இந்த அம்மா முதல் வரியிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

விஷயம் சின்னது. கைக்குழந்தைகளின் சளிக்குக் கொடுக்கிற ஒரு மருந்து. பெட்டிக்குள்ளேயே ஒரு டிராப்பர் இருக்கும். அதில் உள்ள கோடு வரை மருந்தை உறிஞ்சிக் குழந்தையின் வாயில் விட வேண்டும். மருந்துக் கம்பெனி டிராப்பரை மாற்றியது. புதியது கொஞ்சம் பருமன். கோட்டை மட்டும் பழைய உயரத்திலேயே போட்டுவிட்டார்கள். அதனால் மருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு போனது. குழந்தை அழுகையை நிறுத்தித் தூங்கும், தாயும் அப்பாடா என்று சாய்வாள், பிறகு குழந்தையின் மூச்சு தளர ஆரம்பிக்கும். அந்த அம்மா இரண்டு டிராப்பரிலும் தண்ணீர் எடுத்து, ஆஸ்பத்திரி மருந்தகத்துத் தராசில் நிறுத்துப் பார்த்திருந்தார். இருபத்து மூன்று குழந்தைகளின் விவரம் வைத்திருந்தார். அவர்களில் இரண்டு பேர் இறந்திருந்தார்கள்.

நான் முப்பத்தொரு வருடமாகக் குழந்தை மருத்துவன். மருத்துவர் சங்கத்தின் தலைவன். அந்த மருந்தை எத்தனை ஆயிரம் சீட்டுகளில் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. டிராப்பரை ஒரு முறைகூடக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை, ஏனென்றால் அது டாக்டரின் வேலை இல்லை. எனக்குப் பொறாமை என்று நடுவில் இருப்பவர் எழுதிக்கொள்கிறார். பொறாமை இல்லை ஐயா. குழாய் ரிப்பேர் செய்ய வந்த ஆள் மேஜைமேல் கிடக்கும் நம் கடிதத்தைப் படித்துப் பிழை சொன்னால் ஓர் எரிச்சல் வருமே, அதுதான்.

மூன்று குறிப்புகள் எழுதித் திருப்பி அனுப்பினேன். நடை சரியில்லை. மேற்கோள் பட்டியல் ஒழுங்கில் இல்லை. குழந்தைகளின் எண்ணிக்கை போதாது, ஐம்பதுக்குக் குறையாமல் வேண்டும். வேறு யாரிடம் கொடுத்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த வாரம் அந்த அம்மா எனக்கே போன் செய்தார். திருப்பி அனுப்பியது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. சங்கத் தலைவர், விவரம் தெரிந்தவர் என்று யோசனை கேட்கக் கூப்பிட்டிருந்தார்.

“சார், எங்க வார்டுல பழைய டிராப்பரைத் தேடிப் பிடிச்சுக் குடுத்துட்டிருக்கோம். மத்த ஆஸ்பத்திரிக்கெல்லாம் ஒரு லெட்டர் போட்டுடலாம்னு பாக்கறேன். தப்பில்லையே?”

“தாராளமா போடுங்கம்மா. ஆனா வெளியில சொன்ன விஷயத்தைப் பத்திரிகை எடுத்துக்காது. கட்டுரை வரலைன்னா, யாரோ ஒரு நர்ஸ் ஏதோ சொன்னாங்கன்னு போயிடும். ஒருத்தரும் காதுல போட்டுக்க மாட்டாங்க.”

போனில் அவருக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

“நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும். காத்திருக்கேன்.”

நான் பொய் சொல்லவில்லை. அந்த விதி இருக்கிறது. உயிருக்கு ஆபத்தென்றால் முன்கூட்டியே ஊருக்கெல்லாம் சொல்லலாம், அதனால் கட்டுரைக்குப் பாதகம் வராது என்ற விதிவிலக்கும் இருக்கிறது. விதிப் புத்தகத்தில் ஏழாம் பக்கம். அவர் ஏழாம் பக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. படித்துப் பார்க்க வேண்டியது அவர் பாடு.

ஐந்து மாதம் கழித்துக் கட்டுரை மறுபடி வந்தது. நடை திருந்தியிருந்தது. பட்டியல் ஒழுங்காக இருந்தது. சுற்று வட்டாரத்திலிருந்து அவர் வார்டுக்கு வந்து சேர்ந்த குழந்தைகளின் எண்ணிக்கை ஐம்பத்தொன்று. கூடவே ஒரு கடிதம்: ‘நீங்கள் கேட்ட எண்ணிக்கை வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது.’ இரண்டாவது வாக்கியம் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாதது. சிவப்பில் அடித்தேன்.

இந்த முறை ஒப்பீட்டுக் குழு வேண்டும் என்று எழுதினேன். அதாவது பாதிப் பேருக்குத் திருத்திய டிராப்பர், மீதிப் பேருக்குப் பெட்டியில் வருவது. இரண்டையும் வைத்துப் பார்த்தால்தான் குற்றம் டிராப்பருடையது என்று அடித்துச் சொல்ல முடியும். சின்ன ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு ஒரு நர்ஸால் அது ஆகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்னால் ஆகும். சொல்லப்போனால் அதற்குள் எனக்கு அது பாதி முடிந்திருந்தது. அவருடைய முதல் கட்டுரையைத் திருப்பி அனுப்பிய மாதமே பதினெட்டு ஆஸ்பத்திரிகளைச் சேர்த்துத் தொடங்கிவிட்டேன். ஒன்பதுக்குத் திருத்திய டிராப்பர். ஒன்பதில் எதையும் தொடவில்லை.

ஆய்வுக்கு அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுவைப் பற்றிக் கேட்டீர்கள். ஏழு பேர், ஒரு நீள மேஜை, ஒரு தட்டு பிஸ்கட். ‘தாய்மார்கள் எந்த டிராப்பரை எளிதாகக் கையாள்கிறார்கள்’ என்று என் ஆய்வுக்குத் தலைப்பு வைத்திருந்தேன். ஒருவர்தான் வாயைத் திறந்தார். ஏசியைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டார். ஒன்பது நிமிடத்தில் ஏழு கையெழுத்தும் விழுந்தன. அவர்களையும் விசாரிக்கப்போகிறீர்கள் என்றால் பிஸ்கட் வாங்கி வையுங்கள்.

எட்டு மாதத்தில், நாங்கள் தொடாமல் விட்ட ஆஸ்பத்திரிகளில் பத்துக் குழந்தைகள் இறந்தன. திருத்திய டிராப்பர் போன இடத்தில் ஒன்றுகூட இல்லை. ஆறாவது குழந்தையின்போது என் உதவி டாக்டர் கோப்பைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்தார். மூக்கு சிவந்திருந்தது.

“போதும் சார். நிறுத்திடலாம். இனிமேயும் என்ன தெரியணும் நமக்கு?”

ஆறில் நிறுத்தினால் தற்செயல் என்பார்கள், பத்தில் நிறுத்தினால் யாரும் வாயைத் திறக்க முடியாது என்று அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் வேலையை விட்டுவிட்டுப் போனார். இப்போது எங்கோ பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எடை பார்க்கிறாராம். பொருத்தமான வேலைதான்.

ஆண்டு மாநாட்டில் நான் வாசித்தேன். அரங்கு முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. அதே மாதம் அந்த டிராப்பர் எல்லா இடத்திலிருந்தும் திரும்பப் பெறப்பட்டது; அதைச் செய்தது என் ஆய்வுதான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கேள்வி நேரத்தில் கடைசி வரிசையில் ஓர் அம்மா மைக்கைக் கேட்டு வாங்கினார். குரலை வைத்துத்தான் யாரென்று தெரிந்தது. தலை நன்றாக நரைத்திருந்தது.

“சார், மாத்தாம விட்டீங்களே ஒன்பது ஆஸ்பத்திரி, அங்க இருந்த அம்மாங்க கிட்ட எப்போ சொன்னீங்க?”

அது இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது என்றேன். அவர் உட்காரவில்லை. மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறார் என்று இப்போது புரிகிறது. எழுதுவதைவிடப் புகார் கொடுப்பது அவருக்கு நன்றாக வருகிறது.

ஆக, தெரிந்தே செய்தேனா என்று கேட்டால், ஆம். கட்டுரையை நிறுத்தி வைத்தது நான். கடிதம் போடவிடாமல் செய்தது நான். அந்த ஒன்பது இடங்களிலும் டிராப்பரை மாற்றாமல் விட்டு, பத்து வரும் வரை காத்திருந்ததும் நான். நிரூபணம் ஆகாத ஒன்றைச் சொல்லி ஆயிரக்கணக்கான தாய்மார்களைக் கதிகலங்க வைப்பது பொறுப்பான டாக்டர் செய்கிற காரியம் இல்லை. கடைசிவரை இதைத்தான் சொல்வேன்.

என் தங்கை இங்கே வந்து பேசிவிட்டுப் போனதாகச் சொல்கிறீர்கள். அவள் சொன்னது உண்மைதான். அந்தக் கட்டுரையை முதன்முதலில் படித்த அன்று மாலையே அவளுக்கு போன் செய்தேன். அவள் மகளுக்கு அப்போது நான்கு மாதக் கைக்குழந்தை இருந்தது.

“சளி மருந்து எதாவது குடுக்கறீங்களா பாப்பாவுக்கு?”

“ஆமாண்ணா. நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க.”

“அந்த டிராப்பரைத் தூக்கிக் குப்பையில போடு. இனிமே அந்த மருந்தே வேணாம்.”

“ஏண்ணா, என்ன ஆச்சு? பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கும் அதேதான் குடுக்கறாங்க. அவங்க கிட்டயும் சொல்லிடட்டுமா?”

“வேணாம். இன்னும் நிரூபணம் ஆகலை.”

அப்படியென்றால் உங்கள் வீட்டுக்கு மட்டும் நிரூபணம் எங்கிருந்து வந்தது என்கிறீர்கள். குடும்பம் வேறு, ஆராய்ச்சி வேறு. இதைக்கூடப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்களை விசாரணைக்குப் போட்டிருக்கிறார்கள்.

கடைசிப் பக்கத்தில் இன்னொரு பிழை இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். நான் அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு இறந்த குழந்தைகள் பத்து என்று போட்டிருக்கிறீர்கள். பதினொன்று. அந்தப் பக்கத்து வீட்டுக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரம் இருக்கவில்லை, அதனால் எந்தப் பட்டியலிலும் வராது. தங்கை அதை உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது; அந்த வீட்டு அம்மாவின் முகத்தில் விழிக்க முடியாமல் வீட்டையே மாற்றிக்கொண்டு போனவள் அவள். எண்ணைச் சிவப்பில் திருத்தி, ஓரத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். தெரிந்த தகவலை மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.