குவைத்துக் குளிசைத் தாள்

எனக்குத் தாள்களைக் கசக்கி எறியும் பழக்கம் இல்லை. குளிசைப் பெட்டிக்குள் வரும் தாளைக்கூட மடித்தபடியே வைத்திருப்பேன். அதனால்தான், டாக்டர், நீங்கள் கேட்டதும் உங்கள் மேசையில் கொண்டுவந்து வைக்க முடிந்தது.

மூன்று வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு, எண்பத்து நாலில் கல்முனைக்குத் திரும்பியபோது காய்ச்சலுக்கு, தலையிடிக்கு என்று ஒரு பை நிறையக் குளிசை கொண்டுவந்தேன். ஒரே மாதத்தில் எங்கள் தெருவுக்கு நானும் ஒரு டாக்டர். உங்கள் ஆஸ்பத்திரிக் குளிசை வெறும் கடதாசியில் சுற்றி வரும். என்னுடையது அறபு எழுத்துப் போட்ட பெட்டியில் வரும். அறபு எழுத்துள்ள எதையும் எங்கள் ஊரில் நிலத்தில் வைக்க மாட்டார்கள். உம்மா அந்தப் பெட்டிகளைக் குர்ஆன் இருக்கும் தட்டிலேயே வைத்தார். அங்கிருந்து எடுத்துக் கொடுப்பது கெடுதி செய்யும் என்று யார் நினைப்பார்கள்?

முனாப் மச்சானைப் பற்றியும் கேட்டீர்கள். அவர் முதலில் எனக்குப் பேசிய மாப்பிள்ளை. எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார்; அதற்கொரு வீடு வேண்டும் என்றுதான் நான் குவைத்துக்குப் போனேன். என் சம்பளத்தில் கல்வீடு எழும்பியது. வீடு தயார், மாப்பிள்ளை தயார், பெண் மட்டும் ஊரில் இல்லை. அந்தச் சின்னக் குறையைத் தங்கச்சி றாஹிலாவை வைத்துத் தீர்த்தார்கள். எனக்குக் கடிதம் போட்டார்கள், கலியாணப் படமும் வைத்து. நான் திரும்பி வந்ததும் பின்னறையில் பாய் போட்டுத் தந்தார்கள். வேறென்ன வேண்டும்?

றாஹிலாவுக்கு, பிள்ளை வயிற்றில் ஏழாம் மாதம், தலையிடி வந்தது.

"ராத்தா, தலை வெடிக்கிற மாதிரி இரிக்கி. அந்தக் குவைத்துக் குளிச இன்னும் இரிக்கா?"

கேட்டது அவள். நான் பெட்டியை எடுத்தேன். உம்மாதான் தயங்கினார்.

"புள்ளத்தாச்சிக்கு இது ஒத்துக்குமா மகள்?"

நான் வாய் திறக்க முந்தி மச்சான் பெட்டிக்குள் இருந்த தாளை வாங்கினார். "பொறுங்க மாமி, ஓதிப் பாப்பம்."

குர்ஆனில் இருப்பதுபோல் உயிர்க்குறி போடாத அறபு எழுத்து. முதலில் தட்டுத்தடுமாறினார், பிறகு இராகம் கூடிவந்தது. உம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். எழுத்துக் கூட்டி ஓதத்தான் எங்களுக்குத் தெரியும், பொருள் தெரியாது.

"நல்லாத்தான் எழுதிரிக்கான்" என்றார் மச்சான்.

நாளுக்கு மூன்று வீதம் பத்து நாள் கொடுத்தேன். பதினோராம் நாள் உங்கள் வார்டில் பிறந்த ஆண்பிள்ளை அழவில்லை.

ஒன்றும் தெரியாத வேலைக்காரி என்று எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். அது சரியில்லை. குவைத்தில் வீட்டுக்காரி உண்டாகியிருந்தபோது, அவள் எதை எடுத்து வாயில் போடப் போனாலும் வீடே ஒரு சொல்லைச் சொல்லித் தடுக்கும். ஹாமில். பிள்ளைத்தாச்சி என்று பொருள். மச்சான் ஓதியதில் அந்தச் சொல் இரண்டு தரம் வந்தது, முன்னால் ஒரு 'லா'வுடன். 'லா' என்றால் கூடாது. மூன்று வருடமாக அந்த வீட்டில் எனக்கு அதிகம் கிடைத்த சொல் அது.

மச்சான் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பித் தந்தார். உம்மா பழக்கத்தில் ஆமீன் என்றார். றாஹிலாவும் சொன்னாள். நானும் ஆமீன் சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன்.

என் தங்கச்சிக்கு நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, டாக்டர். அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.