டியூட்டி என்று சொல்லிவிட்டு

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் வரும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு நர்சுகள். இளையவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்:

“மனநல டாக்டரப் பாக்கப் போயிட்டு, பாக்காமலே வந்துட்டேன்க்கா.”

“ஏன்டி? தூக்கமே இல்லன்னு அழுதியே.”

“க்யூல நம்ம ஆஸ்பத்திரிக்கு வர்ற உப்பளத்து அம்மா ஒருத்தங்க. ‘சிஸ்டர், உங்களுக்கு இப்ப இங்கயா டியூட்டி?’ன்னாங்க. ஆமான்னுட்டேன்.”

“அதுக்கு?”

“டியூட்டின்னு சொல்லிட்டு எப்படிக்கா க்யூல உக்கார்றது? அவங்களை உள்ள கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துட்டேன்.”

வெளியே உப்பளங்கள் வர ஆரம்பித்திருந்தன.

“கெளம்பும்போது என் கையப் புடிச்சிக்கிட்டாங்கக்கா. ‘இதுக்கெல்லாம் வெக்கப்படக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்களே, அதான் சிஸ்டர் வந்தேன்’னாங்க.”