மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறு நான் எழுந்து நின்றது ஏன்

பெயர் யோசேப்பு நிருஷா. வயது முப்பத்தேழு. சமயம் கத்தோலிக்கம். விவாகமாகாதவர். விலாசம் பள்ளிமுனை, மன்னார். தொழில் நாவலாசிரியர். தொழில் என்ற இடத்தில் முதலில் 'வீட்டில் இருப்பவர்' என்று எழுதப்பட்டிருந்தது. நான் பேய்க்கதை எழுதிச் சீவிப்பவள் என்று சொல்லி அதை வெட்டித் திருத்துவித்தேன். வெட்டிய இடத்தில் எனது சுருக்கொப்பம் உண்டு.

இவ்வாக்குமூலத்தைப் பதிபவர் உப பொலிஸ் பரிசோதகர் நௌஷாட் அவர்கள். எங்கள் ஊரைச் சேர்ந்த சந்தியோகு என்பவர் எனக்கெதிராகச் செய்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கடந்த ஞாயிறு பூசையில் அவருடைய மகன் நிறோஜனின் கலியாண ஓலை, அதாவது தடை அறிந்தவர்கள் சொல்லும்படி மூன்று ஞாயிறு கோவிலில் வாசிக்கும் அறிவித்தல், வாசிக்கப்படுகையில் நான் எழுந்து குழப்பம் விளைவித்தேன் என்றும், இறந்துபோன அவருடைய மகள் டிலோஜினியை என் நாவலில் இரத்தக் காட்டேரியாக எழுதிக் குடும்பத்தை அவமானப்படுத்தினேன் என்றும் அதில் உள்ளது. கோவிலில் சொன்னவை யாவும் என் நாவலின் கற்பனை என்று ஒரு தாளில் ஒப்பமிட்டால் விடயத்தைச் சமாதானமாக முடிக்கலாம் என்று எனக்குச் சொல்லப்பட்டது. நான் ஒப்பமிட மாட்டேன். காரணத்தை நடந்த ஒழுங்கில் கூறுகிறேன்.

டிலோஜினியும் நானும் ஒரே வகுப்பில் படித்தோம். அவளுக்கு 'இரத்தம் காணாது', உடம்பில் இரத்தம் போதாது, என்றுதான் வீட்டார் வெளியில் சொல்வார்கள். மாதாமாதம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இரத்தம் ஏற்றுவார்கள். தாயார் அருளம்மா மாமிக்குக் கருவாட்டு வேலை இருந்தபடியால் என்னைத் துணைக்கு இருத்திவிட்டுப் போவார். பள்ளிக்கூடத்தில் பெடியள் அவளை 'காட்டேரி' என்று பட்டம் தெளித்தார்கள். நான் சண்டைக்குப் போனேன். அவள் போகவில்லை. அந்தப் பட்டம் தனக்குப் பிடித்திருக்கிறது என்றாள்.

பையில் தொங்கும் இரத்தம் யார் கொடுத்தது என்று ஆஸ்பத்திரியில் சொல்ல மாட்டார்கள். ஆகவே நாங்களே ஆளைக் கற்பனை செய்தோம். ஒருமுறை அவள், "இது பஸ் கொண்டக்டர் ஒராளின்ர இரத்தம். அதுதான் எனக்கு இண்டைக்கு எல்லாரையும் பின்னுக்குப் போங்கோ எண்டு கத்தவேணும் போல கிடக்கு" என்றாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் நேர்ஸ் வந்து ஏசினார். அதன் பின்னர் ஒவ்வொரு பைக்கும் ஒரு கதை செய்தோம். எங்கள் காட்டேரிக்கு அவளே சட்டம் போட்டாள். காட்டேரி வாசலில் நின்று கேட்க வேண்டும், தந்ததை மட்டும் குடிக்க வேண்டும், தந்தவருக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்ல வேண்டும். கோரைப்பல் வைக்க வேண்டாமா என்று கேட்டேன். ஊசி காணும் என்றாள். என்னுடைய தொழில் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் தொடங்கியது.

இரத்தம் ஏறி முடிந்ததும் வாயில் இரும்பு ருசிக்கிறது என்பாள். ஆஸ்பத்திரி வாசலில் குச்சியில் உறைந்த சிவப்பு ஐஸ்பழம் வாங்கி, நாக்குச் சிவக்கச் சிவக்கத் தின்று, றோட்டால் போகிறவர்களுக்கு அந்த நாக்கை நீட்டிக் காட்டுவாள். பயந்தவர் எவருமில்லை. அதில் அவளுக்குப் பெரிய கவலை.

உயர்தரப் பரீட்சைக்கு முன்னர் அவள் இறந்தாள். காய்ச்சல் என்று வீட்டில் சொன்னார்கள். தம்பி நிறோஜன் அப்போது சிறு பிள்ளை, அவனுக்கும் அதையே சொன்னார்கள். அவளுக்கு இருந்தது தலசீமியா. டொக்டர் அதை அவளுக்கு விளங்கப்படுத்திய நேரம் நான் பக்கத்தில் இருந்தேன். தாய், தகப்பன் இரண்டு பேரின் இரத்தத்திலும் அந்தக் கூறு மறைந்து கிடந்தால்தான் பிள்ளைக்கு அந்த நோய் வரும் என்றும், கூறு மட்டும் உள்ளவர்கள் ஓடியாடித் திரிவார்கள், ஒரு வருத்தமும் தெரியாது என்றும் அவர் சொன்னார். வெளியில் தெரிந்தால் நிறோஜனுக்குப் பெண் கிடையாது என்று சந்தியோகு மாமா பயந்தார். ஒரு தகப்பனுக்கு அந்தப் பயம் வரும். அதற்காக நான் அவரைக் கோபிக்கவில்லை.

அதன் பின்னர் இன்றுவரை நான் இரத்தம் குடிப்பவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். வேறு எழுதிப் பார்க்காமலும் இல்லை. ஒருமுறை ஆட்டுக்கள்ளன் ஒருவனைப் பற்றித் தொடங்கினேன். மூன்றாம் பக்கத்திலேயே அவனுக்கும் இரத்தப்பசி எடுத்துவிட்டது, விட்டுவிட்டேன். என் காட்டேரிகளைப் பார்த்தால் பயம் வரவில்லை, சோறு போட்டுக் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது என்று வாசகர்கள் குறை சொல்கிறார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. இதைச் சொன்ன இடத்தில் பரிசோதகர் அவர்கள், "என்ட மனிசி ரிஸ்னா உங்கட கதைய வாசிச்சா லைட்ட அணைக்க விடமாட்டா" என்றார். ரிஸ்னா அவர்களுக்கு என் நன்றியைத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

கடந்த வருடம் 'இரவல் இரத்தம்' என்ற நாவலை வெளியிட்டேன். வாசலில் நின்று கேட்டு, தந்ததை மட்டும் குடிக்கும் ஒரு பிள்ளையின் கதை. ஊர்ப் பெயரோ ஆட்பெயரோ அதில் இல்லை. நாக்குச் சிவக்க ஐஸ்பழம் தின்பது மட்டும் இருக்கிறது. அதை நீக்க எனக்கு மனம் வரவில்லை.

அதன் பின்னர் இந்த மாதத் தொடக்கத்தில் நிறோஜனுக்கும் சுவேதினிக்கும் முதலாம் ஓலை வாசிக்கக் கேட்டேன். சுவேதினி அருளம்மா மாமியின் கூடப்பிறந்த தம்பியின் மகள், நிறோஜனுக்குச் சொந்த மச்சாள். மாமியிடம் இருந்த கூறு அவருடைய தம்பியிடமும் இருந்து, அவரிலிருந்து சுவேதினிக்கு வந்திருக்கலாம். நிறோஜனிடமும் இருக்கலாம். இரண்டு பேரிடமும் இருந்தால் இன்னொரு டிலோஜினி பிறக்கலாம். இருக்கிறதா இல்லையா என்று ஒரு ஊசி இரத்தத்தில் தெரிந்துவிடும்.

மறுநாள் சந்தியோகு மாமாவிடம் போனேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "சொந்தத்துக்க கட்டுறதெண்டு ஆண்டகையிட்ட எழுதிக் கேட்டு அனுமதி வந்திட்டுது. பிறகு என்ன இரத்தச் சோதனை?" என்றார். ஆயரின் அனுமதி சபைச் சட்டத்துக்கு, நோய்க்கு அல்ல என்று சொன்னேன். வெளியே போகும்படி படலையைக் காட்டினார். அந்த வீட்டில் மட்டுமல்ல, நான் கேட்ட எவருக்கும் இதே எண்ணம்தான். ஆண்டகை கையெழுத்து வைத்தால் இரத்தமும் சுத்தமாகிவிட்டது என்று மனமார நம்புகிறார்கள். இரண்டாம் ஓலைக்குப் பின்னர் சுவேதினியைக் காணப் போனேன், விடவில்லை. நிறோஜனுக்குப் போன் எடுத்தேன், என் இலக்கத்தைத் தடுத்து வைத்திருந்தான். பங்குத்தந்தை இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டுக் கதைத்தார். அப்படி ஒரு நோயே வீட்டில் இருந்ததில்லை என்று அவர்கள் அடித்துச் சொல்லிவிட்டார்கள்.

அதன் பின்னர் கடந்த ஞாயிறு மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது. இவர்களுக்கிடையில் தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று பங்குத்தந்தை வழமைபோல் வாசித்தார். அதைப் பூசை முடிந்து பங்குத்தந்தையின் அறைவீட்டில் போய்த்தான் சொல்வது வழக்கம். எனக்கும் தெரியும். ஆனால் சுவேதினி முன் வாங்கில் இருந்தாள், அவளுடைய காதில் விழச் சொல்ல எனக்கு அவர்கள் வேறு இடம் விடவில்லை. எழுந்து நின்று, "நிறோஜன்ர அக்கா காய்ச்சலில சாகேல்லை, ஃபாதர். அவளுக்குத் தலசீமியா. இரண்டு பேரும் இரத்தம் சோதிச்சுப்போட்டுக் கட்டட்டும்" என்றேன். இதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பின்னால் ஒரு ஆண்குரல், "காட்டேரிக்காரிக்குப் பூசையிலயும் இரத்தம் வேணுமாம்" என்றது. சிரித்தார்கள். சந்தியோகு மாமா என் வாங்கடிக்கு வந்து, "என்ர பிள்ளையைக் கதையில எழுதிக் கிழிச்சது காணாதே உனக்கு?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் நான் உட்காரவில்லை. ஓலை வாசித்து முடியும்வரை நின்றேன்.

அதன் பின்னர் நேற்றுப் பின்னேரம் சுவேதினி என் வீட்டுக்கு வந்தாள். கையில் என் நாவல் இருந்தது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றபடியே, "அக்கா, மாமி ஒவ்வொரு ஆத்துமாக்கள் திருநாளுக்கும் சேமக்காலையில டிலோ மச்சாளின்ர கல்லறையில மெழுகுதிரி கொளுத்திப்போட்டு ஒரு சிவப்பு ஐஸ்பழமும் வைக்கிறவ. அது உருகி ஓடி முடியுமட்டும் பாத்துக்கொண்டிருப்பா. ஏனெண்டு நாங்கள் ஆரும் கேக்கிறேல்லை. உங்கட புத்தகத்தில அது எப்பிடி வந்தது?" என்று கேட்டாள். மாமி ஐஸ்பழம் வைப்பது எனக்கு அதுவரை தெரியாது. எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு மாமி வீட்டுப் பக்கம் போனாள்.

இன்று காலை இங்கே வருவதற்காக ஓட்டோவில் வந்தேன். ஆஸ்பத்திரிக்கு முன்னால் கழுதைகள் றோட்டை மறித்து நின்றபடியால் ஓட்டோ நின்றது. எதிரே ஐஸ்பழக் கடையில் அருளம்மா மாமி நின்றார். அவருக்குப் பக்கத்தில் சுவேதினியும் நிறோஜனும். இரண்டு பேரும் முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார்கள். நிறோஜன் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பினான். மாமி ஆளுக்கொரு ஐஸ்பழம் கொடுத்தார். அதன் பின்னர் இன்னொன்றை வாங்கிக்கொண்டு றோட்டைக் கடந்து வந்து என் கையில் தந்து, "உருக முதல் தின், பிள்ளை" என்றார். கழுதைகள் விலகின. ஓட்டோ எடுத்துவிட்டது.

சோதனை முடிவு என்னவென்று எனக்குத் தெரியாது. நல்லதாக வர வேண்டுமென்று வேண்டுகிறேன். எப்படி வந்தாலும் அவர்கள் தெரிந்துகொண்டு தீர்மானிப்பார்கள். என் நாவலில் காட்டேரி கற்பனை. கோவிலில் நான் சொன்னது கற்பனை அல்ல. வழக்குப் போட்டால் நீதிமன்றத்திலும் இதையே சொல்வேன், அடுத்த நாவலிலும் காட்டேரியைத்தான் எழுதுவேன்.

இத்தாளின் கீழ் மூலையில் படிந்துள்ள சிவப்புக் கறை என் கையிலிருந்த ஐஸ்பழத்தினுடையது. வேறு தாளில் எழுதுவோமா என்று பரிசோதகர் அவர்கள் கேட்டார். வேண்டாம் என்றேன். அது இரத்தமல்ல என்று என் வேண்டுகோளின் பேரில் இங்கே பதியப்படுகிறது. எழுதப்பட்ட யாவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. எல்லாம் நான் கண்டதும் அறிந்ததுமே, நீக்கவோ மாற்றவோ ஒரு சொல்லும் இல்லை என உறுதிசெய்து, கறைக்குப் பக்கத்தில் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) யோ. நிருஷா