கழுவாம மேல வரமாட்டார்

"கக்கூஸையே பேத்து எடுத்துட்டானா?"

"கக்கூஸ், ஷவர், தரையில இருந்த வடிகால்... ஒண்ணையும் விடல."

"அடப்பாவி! எங்க வீட்டு பேஸ்மென்ட்ல இன்னும் நட்டநடுவுல நிக்குது. சுவரும் இல்ல, கதவும் இல்ல. எங்கப்பாவோட சிம்மாசனம் அது."

"சிரிக்காதடா டென்னிஸ். முழுசா கேளு."

மின்சாரம் போய் இரண்டு மணி நேரமாகியிருந்தது. லொரெய்ன் வீட்டு முன்வாசலில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. ஆறு பேர், மூன்று போர்வைகள். கீழே ஆற்றோரம், எஃகு ஆலை இருந்த இடம் கருப்பாகக் கிடந்தது. அதைப் பார்த்தபடியே லொரெய்ன் சொன்னாள். நடந்தது அவள் தங்கை கார்லாவின் கணவன் வெஸ்லிக்கு.

இரவு பதினொன்று இருபது. ஆற்றங்கரையிலிருந்து வெஸ்லி வீடு இருக்கும் மேட்டுத் தெருவுக்கு ஏறும் இருநூறு படிகள். ஆலை மூடி நாற்பது வருடமாகிறது. அந்த நேரத்தில் அந்தப் படிகளில் ஏற ஆளே கிடையாது. அன்று யாரோ ஏறினார்கள்... கனத்த பூட்ஸ். களைத்த நடை. பத்துப் படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கும் நடை.

வெஸ்லி நிலவறையில் இருந்தான். சுவருக்குக் கடைசிப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தான். பிள்ளை பிறந்து மூன்று மாதம், மேலே இரண்டே அறைகள். அதனால்தான் இந்த வேலையே. குளிர்காலம் முழுக்க ஒற்றையாளாகச் செய்தான். ஈரம் கசிகிறதென்று சந்துப் பக்கக் கதவைக் கல் வைத்து அடைத்தான். ஜன்னல்களில் கண்ணாடிக் கட்டிகளைப் பதித்தான். குழாய்களை வெட்டி மூடினான், வடிகாலில் சிமென்ட் ஊற்றினான். சட்டம் அடித்து, வெள்ளைப் பலகை ஏற்றி, தரைக்குக் கம்பளம் போட்டான். பார்த்தவர்களெல்லாம் ஓட்டல் மாதிரி இருக்கிறது என்றார்கள்.

வீட்டை விற்ற மிஸஸ் யுர்கோ சாவியைக் கொடுக்கும்போது ஒன்று சொல்லியிருந்தாள்.

"கீழ எப்பவும் ஒரு சோப்பு வையிப்பா. அவர் கழுவாம மேல வரமாட்டார்."

அவள் கணவன் ஆலையில் வெந்து செத்து ஐம்பது வருடம். கைக்குழந்தையோடு நின்றவளாம் அப்போது. வெஸ்லியின் தாத்தாவும் ஆலைக்காரர்தான். சந்துக் கதவு வழியாக வந்து, கரி போகக் கீழேயே குளித்து, அப்புறம்தான் மாடிப்படி. ஊருக்கே அதுதான் வழக்கம். மிஸஸ் யுர்கோ ஒரு படி மேல்: படிக்கதவுக்குச் சமையலறைப் பக்கம் தாழ்ப்பாள் வைத்து, கை இரண்டும் வெளுத்ததென்று குரல் வந்த பிறகே திறப்பாளாம். வெஸ்லி அந்தத் தாழ்ப்பாளை மட்டும் தூக்கிப் போடவில்லை. அழகாயிருக்கிறதென்று புதுக் கதவில் திருகி வைத்தான்.

சோப்பை மறந்துவிட்டான்.

பூட்ஸ் சந்துக்குள் வந்தது. அடைத்த கதவுக்கு வெளியே நின்றது. சேறு உதற மூன்று உதை... தொம். தொம். தொம்.

பிறகு உள்ளே.

எப்படி என்று கேட்காதீர்கள். கம்பளத்தின் மேல் ஈரத்தில் புதைவது போல ஓர் அடி. இன்னோர் அடி. ஆளைக் காணோம். காய்ச்சிய இரும்பு நெடி, கந்தகம், வியர்வை. ஷவர் இருந்த மூலையில், பலகைக்குப் பின்னால், குழாயைத் திருகும் சத்தம்... கீச். கீச். கீச். தண்ணீர் வரவில்லை. மறுபடி திருகினார். மறுபடி.

வெஸ்லியின் கையிலிருந்த தூரிகை சொட்டிக்கொண்டே இருந்தது. கால் நகரவில்லை.

வெகுநேரம் கழித்து ஒரு பெருமூச்சு. பூட்ஸ் அவனைத் தாண்டிப் போனது. படியில் ஏறியது. பதின்மூன்று படி. கதவு திறந்தது, மூடியது. அப்புறம் தாழ்ப்பாள் விழுந்தது... டக்.

கார்லா மருத்துவமனையில் இரவு வேலை. மேலே பிள்ளை மட்டும்.

அப்போதுதான் அவனுக்குக் கால் வந்தது. தோளால் இடித்தான். தச்சனுக்குச் சம்பளம் கொடுக்காமல் தானே இழைத்த தேக்குக் கதவு, அசையவில்லை. சந்துக் கதவு இருந்த இடத்துக்கு ஓடினான். கல். ஜன்னலைச் சுத்தியலால் அடித்தான், வெடித்தது, உடையவில்லை. உடைந்தாலும் தலை நுழையாது. போன் மேலே சார்ஜில் கிடந்தது. அவனோடு கீழே இருந்தது ஒன்றே ஒன்று, அலமாரியில் பச்சை விளக்கோடு, பிள்ளையின் மூச்சைக் கேட்க வைத்த ஒலிப்பெட்டி.

அதில் தரைப்பலகை முனகியது.

குழந்தை நோரா விழித்தாள். முதலில் சிணுங்கல், பிறகு அழுகை. தொட்டில் கம்பியை யாரோ பற்றிக்கொண்ட சத்தம்.

"தொடாத!" வெஸ்லி கத்தினான். "அவள தொடாத! கால்ல விழறேன்..."

அந்தப் பெட்டி ஒருவழிதான். இங்கே பேசுவது அங்கே கேட்காது.

நோரா வீறிட்டாள். பிறகு, மிக அருகில், புகை தின்ற தொண்டையிலிருந்து ஒரு குரல். கோபமில்லை. வேலை முடிந்து வந்தவனின் அலுப்பு மட்டும்.

"ஏங்க... கீழ இருக்கறவரே... கை பூரா கரிங்க. கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்களேன். புள்ள அழுவுது... தூக்கணும்."